24 வோல்ட் எக்ஸ்பிரஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கோவையில் உங்கள் ரீவைண்டிங் கடைக்கு விடுமுறை. இங்கிலாந்தில் அன்றைக்குத்தான் மோட்டாரைப் பிரிக்கிறார்கள்.

பேரன் பேத்தி எடுத்த துரைமார்கள் ரயில்வே தொப்பி சகிதம் பூங்காவுக்கு வருகிறார்கள். தண்டவாளத்து இலைகளைப் பெருக்கிவிட்டு, முழங்கால் உயர எஞ்சினுக்குப் பின்னால் காலைப் பரப்பி உட்கார்ந்து, ஊர்க் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறார்கள். விசில், பச்சைக் கொடி, டிக்கெட் எல்லாம் உண்டு. விளையாட்டுத்தானே என்று அவர்கள் காதில் விழச் சொல்லிவிடக் கூடாது. தண்டவாள அகலம் 5 அங்குலமா, 7¼ அங்குலமா என்பதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. இந்தக் கூட்டத்துக்கென்றே ‘மாடல் எஞ்சினியர்’ பத்திரிகை 1898-இல் தொடங்கப்பட்டது.

இவர்களில் நீராவிக்காரர்களுக்கு மிடுக்கு அதிகம். காலையிலேயே வந்து கரி போட்டு, கண் எரிய ஊதி, ஆவி ஏற்றுவார்கள். பேட்டரிக்காரர் சாவகாசமாக வந்து சாவியைத் திருப்பினால் போதும். அந்த வயிற்றெரிச்சலில் “அது ரயிலா?” என்று கேட்பார்கள். அவரும் சளைக்காமல் பிரைட்டன் கடற்கரையைக் காட்டுவார். மாக்னஸ் வோல்க் 1883-இல் அங்கே தொடங்கிய மின்சார ரயில் இன்றும் ஓடுகிறது.

போன ஞாயிறு பேட்டரி எஞ்சின் மேட்டில் முனகி நின்றது. நீராவிக்காரர்கள் உதவிக்கு ஓடி வந்த வேகத்தில் துக்கம் தெரியவில்லை.

அந்த எஞ்சினில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக, நிலைக்காந்த டிசி மோட்டார் இரண்டு, அங்கிருந்து செயின் வழியாக அச்சுக்கு. தூக்கி வைத்து ஓட்டினால் சக்கரம் பறக்கிறது. ஆள் ஏறினால் படுத்துவிடுகிறது. தேநீர் வந்தது, தீர்ப்புகளும் வந்தன. ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர், மோட்டார் போய்விட்டது என்றார். தொலைபேசித் துறையில் இருந்தவர் கன்ட்ரோலர் என்றார். பழைய பள்ளி ஆசிரியர் பயணிகளின் எடையைச் சந்தேகித்தார். அதை மட்டும் மெல்லிய குரலில் சொன்னார்.

எடைக் கட்சி முதலில் தோற்றது. 100 அடிக்கு 1 அடி ஏறும் மேட்டில், மொத்தம் 600 கிலோ ரயிலை ஏற்ற 6 கிலோ இழுவையும், உருளும் தடைக்காகக் கொஞ்சமும் போதும். உலர்ந்த தண்டவாளத்தில் 100 கிலோ எஞ்சின், சக்கரம் வழுக்காமல் 20 கிலோ வரை இழுக்கும்.

அடுத்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். கடைப் பையன்களுக்குப் படித்துக் காட்டுங்கள். டிசி மோட்டாரின் வேகம் வோல்ட்டிலும், இழுவை ஆம்பியரிலும் இருக்கிறது. சும்மா சுற்றும்போது சில ஆம்பியர்தான் ஓடும். மேட்டில் 40 கேட்கும். வழியில் எங்காவது 0.1 ஓம் தடை ஒளிந்திருந்தால் 40 ஆம்பியரில் 4 வோல்ட்டை விழுங்கி, 160 வாட்டைச் சூடாகக் கக்கும். பேட்டரியும் சுமையில் கொஞ்சம் இறங்கும். மிச்சத்தைப் பார்க்கும் கன்ட்ரோலர், பேட்டரி தீர்ந்தது என்று முடிவு கட்டி, மின்சாரத்தை இழுத்துப் பிடித்துவிடும்.

ஆகவே ஆட்களை ஏற்றி மேட்டில் ஓட்டிக்கொண்டே மீட்டர் வைத்தார்கள். பேட்டரி டெர்மினலுக்கும் அதில் மாட்டிய கேபிள் முனைக்கும் நடுவே பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது ஏறக்குறைய 4 வோல்ட். தொட்டுப் பார்த்தவர் விரலை உதறினார். உப்புப் பூத்த முனையை உப்புத்தாளால் தேய்த்து, நட்டை முறுக்கி, வாசலின் தடவினார்கள்.

வெற்றிக் களிப்பில் சாவியைத் திருப்பினால் அசையவே இல்லை! மோட்டார் கட்சி மறுபடி தலைதூக்கியது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த ஒரு சிறுமி, தான்தான் வேகக் குமிழைத் திருப்பி வைத்ததாக அறிவித்தாள். குமிழ் பூஜ்யத்தில் இல்லாவிட்டால், சாவி போட்டாலும் இந்த கன்ட்ரோலர் மோட்டாருக்கு மின்சாரம் விடாது. ரயில் திடீரென்று பாயாமலிருக்க வைத்த பூட்டு அது. குமிழைப் பின்னுக்குத் திருப்பி மீண்டும் தொடங்கியதும் ஆறு பேரோடு மேடேறிவிட்டது.

அடுத்த கோடைக்கு நீங்களும் சித்தியும் கட்டாயம் வர வேண்டும். ஞாயிறு மதியம் ஓட்டம். கனமழை என்றால் கிடையாது. மல்டிமீட்டரைச் சுமந்து வர வேண்டாம், இங்கே ஆளுக்கொன்று இருக்கிறது. சித்தியின் முறுக்கு மட்டும் போதும். தேநீருக்கு இவர்கள் வைத்திருக்கும் பிஸ்கட் சரியில்லை.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்