வைரஸுக்கு ஷிஃப்ட் கிடையாது

கேள்வி: எங்கள் கம்பெனி சிஸ்டம் அட்மின் "அப்டேட் போடணும், லைனை நிறுத்துங்க" என்று உயிரை எடுக்கிறார். உற்பத்தியைவிட அது முக்கியமா? – ஒரு வாசகர், தண்டலம்

பதில்: அவர் கேட்பது சில மணி நேரம். கேட்காமலே நிறுத்துகிறவன் ஒருவன் இருக்கிறான். உங்கள் பக்கத்து ஊர் ஒரகடத்துக்கே வந்து போயிருக்கிறான். 2017 மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை அங்குள்ள அன்றைய ரெனோ-நிஸான் கார் ஆலையையும் விட்டுவைக்கவில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்ட ரான்சம்வேர் அது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. நெட்வொர்க் வழியே ஒரு விண்டோஸ் கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவும்.

வயிறு எரிகிற விஷயம், அது தாவப் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. மருந்து வந்து இரண்டு மாதம் கழித்து நோய் வந்தது! உலகமெங்கும் லட்சக்கணக்கான கணினிகள் படுத்தன.

இயந்திரத்தோடு வந்த பழைய விண்டோஸில் அப்டேட் ஏறாது என்பார்கள். உண்மைதான், பல ஆலைகளில் அதுதான் நிலைமை. அப்படியானால் அந்தக் கணினியை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வையுங்கள், கண்ட பென்டிரைவையும் செருகாதீர்கள், பேக்கப்பைத் தனியே எடுத்து வையுங்கள்.

மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அப்டேட் வெளியிடுகிறது. அதற்கு அடுத்த ஞாயிறை உற்பத்தி அட்டவணையிலேயே உங்கள் அட்மினுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.