தூங்கும் லைசென்ஸ், ஓடும் வண்டி

லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவது ஒரு குற்றம். இருந்த லைசென்ஸை அரசு நிறுத்திவைத்த பிறகும் ஓட்டுவது வேறொரு குற்றம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் முதலாவது 181-ஆம் பிரிவு, இரண்டாவது 182-ஆம் பிரிவு. 2019 செப்டம்பர் 1 முதல் முன்னதற்கு அபராதம் 5,000 ரூபாய், பின்னதற்கு 10,000. இரண்டிலும் மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. லைசென்ஸே எடுக்காதவரைவிட, எட்டுப் போட்டுக் காட்டி வாங்கி, பிறகு பறிகொடுத்தவருக்கு இரு மடங்கு. தெரியாதவர்மேல் சட்டத்துக்குக் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது; சொல்லியும் கேட்காதவர்மேல் இல்லை.

லைசென்ஸ் முடங்கும் விதம் ஊருக்கு ஊர் மாறும். பெரம்பலூர் வழியே சென்னை–திருச்சி நெடுஞ்சாலை போகிறது; அங்கே வேகமும் குடியும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் பெரும்பாலும் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பதால், அந்த நாட்களில் கணவர், மனைவி, மாமியார், அர்ச்சனைக்கூடை எல்லாம் ஒரே பைக்கில் ஏறும். ஹெல்மெட் கூடையோடு மடியில் பயணிக்கும். மூன்று பேர் ஏறினாலும் ஹெல்மெட் தலையில் இல்லாவிட்டாலும் அபராதம் 1,000 ரூபாயோடு மூன்று மாதத் தகுதியிழப்பும் உண்டு என்பது கூடைக்குத் தெரியாது. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் டிப்பர்கள் அதிகம். அங்கே சங்கதி ஓவர்லோடு.

“ஏட்டய்யா லைசென்ஸைக் கேன்சல் பண்ணிட்டாரு” என்று டீக்கடையில் சொல்வார்கள். ஏட்டய்யாவுக்கு அந்த அதிகாரம் கிடையாது. காவலர் கார்டை வாங்கி வைத்து, ரசீது கொடுத்து, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பலாம், நிறுத்திவைப்பது ஆர்.டி.ஓ.வின் வேலை. இந்த ரசீதில்தான் சூட்சுமம். 206-ஆம் பிரிவின்படி சாதாரணமாக லைசென்ஸை வாங்கி வைத்தால், கொடுக்கும் ரசீதே குறிப்பிட்ட நாள்வரை ஓட்ட அனுமதி. ஆனால் அதிவேகம், குடிபோதை, ஹெல்மெட் இன்மை, மும்மூர்த்திப் பயணம் போன்றவற்றுக்காக அதே பிரிவின் நான்காம் உட்பிரிவில் பிடுங்கியிருந்தால், ரசீது வெறும் ரசீதுதான், ஓட்டக் கூடாது. இரண்டும் காகிதம், இரண்டிலும் கையெழுத்து. பையில் மடித்து வைத்திருப்பவர் எது எதென்று படித்துப் பார்த்திருப்பார் என்று நம்புவது சட்டத்தின் அப்பாவித்தனம்.

நிறுத்துவதற்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது லைசென்ஸில் உள்ள விலாசத்துக்குப் போகும். இந்தப் பக்கத்தில் விலாசத்தின் மாவட்டமே நிலையாக இருந்ததில்லை. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-இல் மறுபடியும் பிரித்தார்கள். மாவட்டமாக இருக்கும் லைசென்ஸையே ஐந்து வருடம் சஸ்பெண்டில் வைத்துத் திரும்ப வாங்கிய ஊர் அரியலூர். இன்று பெரம்பலூர் வண்டிகளுக்கு டி.என்.46, அரியலூருக்கு டி.என்.61. லைசென்ஸ்காரரோ திருப்பூரில் பனியன் கம்பெனியில். பழைய விலாசத்துக்கு வந்த நோட்டீஸ் வீட்டில் காலண்டருக்குப் பின்னால்.

பிறகு ஒருநாள் வாகனச் சோதனை. சட்டைப்பையிலிருந்து வரும் கார்டு பளபளவென்றுதான் இருக்கும், ஏனென்றால் பலர் ஒப்படைப்பதே இல்லை. எண்ணைத் தட்டினால் சாரதி கணினிப் பதிவு உண்மையைச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு சொல்லப்படுபவை மூன்று: ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், பக்கத்தில்தான் வீடு, “ஒரு நிமிஷம் சார், மாமா லைன்ல இருக்காரு, பேசுங்க.” மூன்றாவதைச் சொல்லும்போது மாமாவின் போன் பெரும்பாலும் பிஸியாக இருக்கும்.

வழக்கு பதிவானால் வழக்கறிஞர் முதலில் கேட்பது உத்தரவின் நகல். நோட்டீஸ் கொடுத்தார்களா, உத்தரவு கைக்கு வந்ததா, காலம் எந்தத் தேதியில் தொடங்கி எதில் முடிகிறது, எந்த வகை வண்டிக்கு என்பதெல்லாம் அதில்தான் தெரியும். பிடிபட்ட தேதிக்கு முந்தின வாரமே காலம் முடிந்திருந்தால் 182 நிற்காது. உத்தரவே தப்பு என்றால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மனு போட்டதாலேயே ஓட்டலாம் என்று ஆகாது, தடை உத்தரவு தனியாக வாங்க வேண்டும். இதைச் சொன்னதும் கட்சிக்காரர் முகத்தில் வரும் ஏமாற்றத்தை வக்கீல் குமாஸ்தாக்கள் நன்றாக அறிவார்கள். எதிர்த்து வாதாட ஒன்றுமில்லை என்றால், 200-ஆம் பிரிவில் கோர்ட்டுக்குப் போகாமலே பணம் கட்டி முடிக்கவும் வழி உண்டு. கட்டியதும் லைசென்ஸ் உயிர் பெறாது; வண்டியை வேறொருவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்துதான் வீடு திரும்ப வேண்டும்.

பத்தாயிரத்தைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. தகுதியிழந்த காலத்தில் ஓட்டி விபத்தானால், பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சட்டமே இடம் தருகிறது. வண்டி மச்சானுடையது என்றால், தெரிந்தே சாவி கொடுத்த குற்றத்துக்கு 180-ஆம் பிரிவில் மச்சானுக்கும் 5,000. அதற்குப் பிறகு தீபாவளிச் சீர் பற்றிப் பேச்சு எழாது.

லைசென்ஸ் தூங்கும் காலத்தில் சைக்கிளுக்குத் தடையில்லை, மாட்டுவண்டிக்கும் இல்லை; மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டாத, 250 வாட்டுக்குக் குறைந்த மின்சார ஸ்கூட்டருக்கும் லைசென்ஸ் கேட்பதில்லை. ஹெல்மெட், வேகம் போன்றவற்றுக்காகப் பிடுங்கிய கார்டு மூன்று மாதம் முடிந்ததும் தபாலில் வந்து நிற்காது. மறுபயிற்சி வகுப்பை முடித்துக் காட்டித்தான் வாங்க வேண்டும். இரண்டாம் முறையும் இதே கதை என்றால் நிறுத்திவைப்பு இல்லை, ரத்துதான்.