பதின்மூன்று ஏரிகளின் பக்தர்

சோதனை ஆவணப்படச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் காணப்படும் இனம். தலைகள் சொற்பம், பேச்சு ஏராளம். இந்த இனத்தை அடையாளம் காண இயக்குநர் ஜேம்ஸ் பென்னிங் 2004-இல் வெளியிட்ட ‘13 லேக்ஸ்’ படம் ஒன்றே போதும். அமெரிக்காவின் 13 ஏரிகள். ஏரிக்கு ஒரே ஷாட், பத்து நிமிடம். கேமரா அசையாது. பாதித் திரையில் நீர், பாதியில் வானம். வர்ணனையும் இல்லை, இசையும் இல்லை. ஆரெகானின் கிரேட்டர் ஏரியில் எங்கோ துப்பாக்கி வெடிக்கிறது. கலிபோர்னியாவின் சால்டன் சீயில் ஜெட் ஸ்கீகள் குறுக்கே பாய்கின்றன. சேகரிப்பாளரைப் பொறுத்தவரை இவைதான் சண்டைக்காட்சிகள்.

ஏன் பத்து நிமிடம் என்று கேட்டால் அவர் முகம் மலரும். 400 அடி கொண்ட 16 மி.மீ. சுருள், நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் சுமார் 11 நிமிடம் ஓடும். அதை அவர் விளக்க அரை மணி நேரம் ஓடும்.

எந்தப் படத்தின் பிரிண்ட் கைக்கு வந்தாலும் அவர் முதலில் பார்ப்பதில்லை, முகர்கிறார். அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கும். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். அம்மை கண்ட பிள்ளையைப் போல அந்த டப்பா தனி அறைக்குப் போகிறது. அடுத்தது நிறப் பரிசோதனை. பழைய ஈஸ்ட்மன்கலர் பிரிண்டுகளில் நாளடைவில் வானம், காடு, மனிதர் எல்லாமே ரோஸ் நிறமாகிவிடும். விற்பவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். வாங்குபவர் கேட்காமல் விடமாட்டார். குளிரில் வைத்தால் சிதைவு மெதுவாகும் என்பதால், வீட்டு பிரிட்ஜில் தக்காளிக்கும் பாலுக்கும் இடம் குறைந்துகொண்டே போகிறது. இதில் மனைவியின் கருத்து கேட்கப்படுவதில்லை, கேட்காமலே கிடைக்கிறது.

பென்னிங் நெடுங்காலம் தம் படங்களை வீடியோவாக வெளியிடத் தயங்கினார். பார்க்கவே வழியில்லையே என்று சேகரிப்பாளர் ஊரெல்லாம் புலம்பினார். பிறகு வியன்னாவிலுள்ள ஆஸ்திரியத் திரைப்பட அருங்காட்சியகம் பென்னிங்கின் சில படங்களை டிவிடியாகக் கொண்டுவந்தது. புலம்பல் ஓயவில்லை, இப்போது கண்டவனெல்லாம் பார்க்கிறான் என்று மாறியது, அவ்வளவுதான். 2014-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ‘13 லேக்ஸ்’ படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தபோது, வாழ்த்துச் சொன்னவர்களிடம் சேகரிப்பாளர் முகம்கொடுத்துப் பேசவில்லை. நாடே மெச்சும் படத்தை விரும்புவதில் தனக்கென்ன பெருமை?

ஆகவே அவர் பென்னிங்கின் ‘டென் ஸ்கைஸ்’ படத்துக்குத் தாவிவிட்டார். அதுவும் 2004-இல் வந்ததுதான். பத்து ஷாட், ஒவ்வொன்றும் பத்து நிமிடம், முழுக்க வானம். ஏரிப் படத்தில் கதை கொஞ்சம் அதிகம் என்பது அவருடைய தற்போதைய அபிப்பிராயம்.