செவ்வாய்க்குப் போக ஐஸ்லாந்தில் இறங்கவும்

கேள்வி: செவ்வாய் கிரகத்து எரிமலையை ஆராய விஞ்ஞானிகள் ஐஸ்லாந்துக்குப் போகிறார்களாமே? அரசாங்கச் செலவில் ஊர் சுற்ற நல்ல சாக்கு!
(கும்பகோணம்)

ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர் அவர்கள் போகும் ஹோலுஹ்ரான் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். மரம் கிடையாது, புல் கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது. வாட்னாயோகுல் பனிப்பாறைக்கு வடக்கே 2014 ஆகஸ்ட் கடைசியில் தரை பிளந்து லாவா கொட்ட ஆரம்பித்து, 2015 பிப்ரவரி கடைசியில்தான் ஓய்ந்தது. மிச்சம், சுமார் 84 சதுர கிலோமீட்டருக்குப் புத்தம்புதுப் பாறை. அந்த லாவாவின் ஜாதகம் முழுசாகக் கையில் இருக்கிறது. என்றைக்குப் பிறந்தது, எந்த வாரம் எவ்வளவு தூரம் போனது, எங்கே தேங்கி எங்கே உடைத்துக்கொண்டு கிளம்பியது என்று எல்லாவற்றையும் விமானத்திலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். செவ்வாயில் நமக்குக் கிடைப்பதோ எல்லாம் முடிந்தபிறகு எடுத்த கடைசிப் படம் மட்டும். முழுக்கதை தெரிந்த லாவாவை வைத்து, கதை தெரியாத லாவாவைப் படிக்கிறார்கள்.

செலவு பற்றிக் கவலைப்படுகிறீர்கள். 2012-ல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி வண்டி முதல் பத்து ஆண்டுகளில் ஓடிய தூரம் சுமார் 29 கிலோமீட்டர். திருவண்ணாமலையில் இரண்டு கிரிவலம் வந்தால் முடிந்தது. ஐஸ்லாந்துக்கு விமான டிக்கெட் எவ்வளவோ மலிவு.

கேள்வி: லாவாவில் அப்படி என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? எல்லாம் கறுப்புக் கல்தானே?
(சேலம்)

உங்கள் கால்களைக் கேட்டால் சொல்லும். ஹவாய்க்காரர்கள் வைத்த இரண்டு பெயர்களைத்தான் உலகம் முழுக்கப் புழங்குகிறார்கள். முதலாவது பஹோய்ஹோய். இதன் மேல்தோல் ஆறிக்கொண்டிருக்கும்போதே அடியில் குழம்பு ஓடுவதால், தோல் மடிந்து மடிந்து, கயிற்றுச் சுருளாக இறுகிவிடும். மேலே மெல்லிய கண்ணாடிப் படலம். வெயிலில் வெள்ளியாக மின்னும், மிதித்தால் நொறுங்கும். சில இடங்களில் அடியில் ஒன்றுமே இருக்காது, ஆள் உள்ளே போய்விடுவார். இரண்டாவது ஆஆ. கைப்பிடி அளவிலிருந்து கால்பந்து அளவு வரை உதிரிக் கட்டிகள், ஒவ்வொன்றிலும் நூறு முட்கள். தடுக்கி விழுந்து கையை ஊன்றினால் உள்ளங்கை கிழியும்.

இரண்டுக்கும் ரசாயனம் ஒன்றாகவே இருக்கலாம். எவ்வளவு வேகமாகக் கொட்டியது, வழியில் எவ்வளவு ஆறியது, எவ்வளவு கலக்கப்பட்டது என்பதில்தான் சமாசாரம். ஆகவே மேற்பரப்பைப் பார்த்தே எரிமலை நிதானமாக ஒழுகியதா, அவசரமாகக் கொட்டியதா என்று ஊகிக்கலாம். பஹோய்ஹோய் சரிவில் இறங்கும்போது ஆஆவாக மாறும். ஆஆ திரும்பப் பஹோய்ஹோய் ஆவது அநேகமாக நடப்பதில்லை.

1964-ல் ஓரிகன் மாநிலத்து லாவாவில் விண்வெளி உடையுடன் நடந்து பார்த்த விண்வெளி வீரர் வால்டர் கன்னிங்ஹாம் தடுக்கி விழுந்து கையுறையைக் கிழித்துக்கொண்டார். நல்லவேளை, ஓரிகனில் காற்று இருந்தது.

கேள்வி: நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று என் பேத்திக்குச் சொன்னேன். "அது லாவா தாத்தா" என்கிறாள். யார் சொல்வது சரி?
(மதுரை)

பேத்தி. பாட்டியாகத் தெரியும் கறுப்புத் திட்டுகள் 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பள்ளங்களில் பாய்ந்து உறைந்த பசால்ட் லாவா. சுற்றி வெள்ளையாக இருப்பது வேறு பாறை, அனார்த்தசைட். நிலா பிறந்த புதிதில் அதன் மேற்பரப்பு உருகிய பாறைக் கடலாக இருந்தது. அதில் கனம் குறைந்த படிகங்கள் மிதந்து மேலே வந்து இறுகியதுதான் இந்த வெள்ளை. இதே இனத்துப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் இருக்கிறது. இஸ்ரோ அதை டன் கணக்கில் எடுத்து, அரைத்து, நிலா மண் மாதிரி தயாரித்து, சந்திரயான் கலங்களின் சோதனைக்குப் பயன்படுத்தியது. பாட்டிக்கு உறவுக்காரப் பாறை வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்துத் தக்காணப் பசால்ட்டைப் பார்க்கலாம். ஆக, பாட்டி மராட்டியம், அவள் உட்கார்ந்திருக்கும் தரை நாமக்கல். வடைக்குத்தான் இதுவரை ஆதாரமில்லை.

கேள்வி: இப்போதெல்லாம் செயற்கைக்கோள் ஒரு மேசையைக்கூடப் படம்பிடிக்கிறது. படத்தைப் பார்த்தாலே எது லாவா என்று தெரியாதா? நேரில் வேறு போய் நடக்க வேண்டுமா?
(பாளையங்கோட்டை)

இதற்காகவே ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2005-ல் ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலம், செவ்வாயின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் எலிசியம் சமவெளியைப் படமெடுத்தது. பெரிய பெரிய தட்டுகள், உடைந்து விலகி, திரும்பி, ஒன்றோடொன்று மோதிய கோலம். தென்துருவக் கடலில் பனிப்பாளங்கள் மிதப்பதைப் பார்த்தவர் எவரும் அடித்துச் சொல்வார், இது உறைந்த கடல் என்று. அப்படியே சொன்னார்கள், 'நேச்சர்' இதழில். ஏறக்குறைய வட கடல் அளவுக்கு, தூசிக்கு அடியில் பனிக்கடல். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

ஐஸ்லாந்தின் லாக்கி லாவாவில் நடந்து பழகியவர்களுக்கு மட்டும் அந்தத் தட்டுகளை எங்கோ பார்த்த ஞாபகம். லாக்கி 1783 ஜூனில் வெடித்து எட்டு மாதம் கொட்டியது. அதன் புகையிலும் அடுத்து வந்த பஞ்சத்திலும் ஐஸ்லாந்து மக்களில் ஐந்தில் ஒருவர் மாண்டார்கள். அந்த லாவா ஓடியவிதம் விசித்திரமானது. மேலே ஓடு கட்டும். அடியில் திடீரென்று புதுக் குழம்பு பாயும். ஓடு உடைந்து தட்டுத் தட்டாக மிதந்து போய், முட்டிக்கொண்ட இடத்தில் மேடு தட்டி நிற்கும். அவர்களில் லாஸ்லோ கெஸ்டெல்யி முதலானோர் செவ்வாய்த் தட்டுகளும் இப்படி வந்த லாவாதான் என்று பனிக்கடல் செய்திக்கு முன்பே எழுதியிருந்தார்கள். 2007-ல் நாசாவின் ஹைரைஸ் கேமரா எடுத்த நெருக்கமான படங்களும் அந்தப் பக்கமே சாய்ந்தன. அதே சமவெளியின் அத்தபாஸ்கா பள்ளத்தாக்கு முழுக்க லாவா பூசிக்கிடந்தது.

கதை அங்கே முடியவில்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஆண்ட்ரூ ரயன் அதே பகுதியின் படங்களைத் துழாவும்போது தட்டுகளுக்கு நடுவே நத்தைச் சுருள்களைக் கண்டார். 5 மீட்டரிலிருந்து 30 மீட்டர் வரை அகலம். 2012-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். வெவ்வேறு வேகத்தில் போகும் இரண்டு லாவா ஓட்டங்கள் உரசுகிற எல்லையில், இன்னும் இளகலாக இருக்கும் மேல்தோல் சுருண்டுகொள்ளும். ஹவாயில் இதன் குட்டிகளைப் பார்க்கலாம். பனி இந்த அளவில் இப்படிச் சுருள்வதாக எவரும் காட்டவில்லை.

பனிக்கடல் என்றவர்கள் ஒன்றும் கத்துக்குட்டிகள் அல்ல. நகரும் திரவத்தின்மேல் ஓடு கட்டினால், அது தண்ணீரோ பாறையோ, மேலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். சாயலை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். எப்படி உருவானது என்று தெரிய வேண்டும், அதற்கு ஷூ தேய வேண்டும்.

கேள்வி: செவ்வாயின் ஒலிம்பஸ் மான்ஸ் 22 கி.மீ. உயரமாமே! பூமி என்ன பாவம் செய்தது?
(ஈரோடு)

ஹவாயில் அடியிலிருக்கும் வெப்பம் ஓரிடத்தில் நிற்க, மேலே கடல்தளத் தட்டு நகர்ந்துகொண்டே போகிறது. எனவே வரிசையாகத் தீவுகள். செவ்வாயில் தட்டு நகரவில்லை. ஒரே இடத்தில் கொட்டிக் கொட்டி ஒரே மலையாக வளர்ந்தது. ஈர்ப்பு விசையும் நம்முடையதில் 38 சதவீதம்தான் என்பதால் தன் கனத்தைத் தானே தாங்கிக்கொள்கிறது.

கேள்வி: அப்போலோ வீரர்கள் நிலாவை ஒத்திகை பார்க்க எங்கே போனார்கள்? ஸ்டூடியோவுக்கா?
(இரண்டு அர்த்தத்தில் கேட்கும் வாசகர், சென்னை)

உங்கள் இரண்டாவது அர்த்தம் புரிகிறது, அதற்குப் பதில் இல்லை. முதல் அர்த்தத்துக்கு: ஐஸ்லாந்தின் அஸ்க்யா, ஹவாய், ஐடஹோ மாநிலத்தின் கிரேட்டர்ஸ் ஆஃப் தி மூன் என்று பல லாவாக் காடுகள். நீல் ஆம்ஸ்ட்ராங் 1967-ல் ஐஸ்லாந்துப் பயிற்சிக்குப் போனவர். எனக்குப் பிடித்தது அரிசோனாதான். அங்கே ஃபிளாக்ஸ்டாஃப் அருகே எரிமலைக் கருந்துகள் பரந்த தரை இருந்தது, நிலாப் பள்ளங்கள்தான் இல்லை. 1967 ஜூலையில், இறங்கப்போகும் இடத்தின் நிலாப்படத்தை வைத்துக்கொண்டு, அதே இடம் அதே அளவில் 47 குழிகளை வெடிவைத்தே உண்டாக்கினார்கள். ஒரு அரசாங்க அலுவலகம் குழி பறித்ததற்குப் பாராட்டு வாங்கிய அபூர்வ சந்தர்ப்பம்.

கேள்வி: வெள்ளி கிரகம் எப்போதும் மேக மூட்டம். அங்கே எதை வைத்து லாவா தேடுகிறார்கள்?
(நாகப்பட்டினம்)

ரேடார். கரடுமுரடான லாவா ரேடாரில் பளிச்சென்றும், வழவழப்பானது இருட்டாகவும் தெரியும். மெகல்லன் கலம் 1991-ல் எட்டு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை 2023-ல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மாட் மான்ஸ் எரிமலையின் ஒரு வாய் உருமாறியிருந்தது. படம் முப்பது வருடமாகக் கையில்தான் இருந்தது. அடுத்து வெரிட்டாஸ் கலம் போக வேண்டும். அதன் குழு 2023 ஆகஸ்டில் விமானத்தில் ரேடாருடன் ஐஸ்லாந்து லாவாவுக்கு மேலே பறந்தது, கீழே ஒரு கூட்டம் அதே லாவாவில் நடந்து கற்களை அளந்தது. 465 டிகிரி வெயிலில் அந்த இரண்டாம் வேலைக்கு ஆள் கிடைக்க மாட்டார்கள்.

கேள்வி: பூமியில் பார்த்துப் படிக்கவே முடியாத எரிமலை உண்டா?
(யாழ்ப்பாணம்)

வியாழனின் நிலவு அயோ. அதை வியாழனும் சக நிலவுகளும் இழுத்துப் பிசைவதில் உள்ளே சூடேறி உருகிக்கொண்டே இருக்கிறது. இது நடக்கும் என்று 1979 மார்ச் தொடக்கத்தில் கட்டுரை வந்தது. சில நாட்களில் வாயேஜர் 1 படத்தில் எரிமலைப் புகையை லிண்டா மொராபிட்டோ கண்டுபிடித்தார். ஜோசியம் இவ்வளவு சீக்கிரம் பலித்ததில்லை. அங்குள்ள லோகி பள்ளம் சுமார் 200 கி.மீ. அகலம். அதற்கு எத்தியோப்பியாவின் எர்ட்டா ஆலே, ஹவாயின் கிலாவேயா போன்ற லாவா ஏரிகளை ஒப்பிடுகிறார்கள். ஓடு கட்டி, உடைந்து, அமிழ்கிற விதம் ஒத்துப்போகும். அளவு ஒத்துப்போகாது, காற்றில்லாத சூழலும் இங்கே கிடைக்காது. கணக்குப் போட்டுத்தான் மீதியைப் பிடிக்க வேண்டும்.

கேள்வி: நிலாவிலிருந்து கல் கொண்டுவந்தார்களே, இங்கிருந்து எதையாவது வைத்துவிட்டு வந்தார்களா?
(கோவை)

அப்போலோ 15-ல் போன ஜேம்ஸ் இர்வின் ஓரிகன் லாவாத் துண்டு ஒன்றை வைத்துவிட்டு வந்தார். பண்டமாற்றில் நிலாவுக்குத்தான் நஷ்டம்.

கேள்வி: பிளஸ் டூ முடிக்கப் போகிறேன். இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்? ராக்கெட் பொறியியலா?
(மாணவி, நாகர்கோவில்)

நிலவியல். நிலாவில் நடந்த பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் தொழில்முறை நிலவியலாளர், அப்போலோ 17-ன் ஹாரிசன் ஷ்மிட். 1972 டிசம்பரில் சாம்பல் தரையில் ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டு கூவியவர் அவர். கொண்டுவந்து பார்த்தால், 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நெருப்பு ஊற்றாகப் பீய்ச்சி, பறக்கும்போதே உறைந்த நுண்ணிய கண்ணாடி மணிகள்.

ஐஸ்லாந்து விசாவுக்குக் காத்திருக்க வேண்டாம். நம் தக்காணத்தில் 6.6 கோடி ஆண்டுப் பழைய லாவா சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கிடக்கிறது. அதில் விண்கல் விழுந்து குடைந்த லோனார் ஏரி, 1.8 கி.மீ. அகலம். பசால்ட்டில் விண்கல் தாக்கிய பள்ளம் பூமியில் அரிது, செவ்வாயில் சர்வசாதாரணம். அதனால் வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வந்து கல் பொறுக்குகிறார்கள். அடுத்த விடுமுறையில் வீட்டார் அஜந்தாவுக்குக் கூட்டிப்போனால், ஓவியங்களைப் பார்த்து முடித்தபின் வெளியே வந்து எதிர்ப்பக்கத்து மலைச்சரிவையும் ஐந்து நிமிடம் பாருங்கள். படிப்படியாகத் தெரியும் அடுக்குகள் லாவா ஓட்டங்கள். எண்ணி எழுதி அனுப்புங்கள்.