ஹோம் தியேட்டருக்குள் ஒரு வண்டு

கேள்வி: படம் ஓடாதபோதும் ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று இரைகிறதே, புது ஸ்பீக்கர் வாங்கிவிடலாமா?

பதில்: எய்தவன் இருக்க அம்பை ஏன் நோகிறீர்கள்? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும்தான் பெரும்பாலும் இப்படி ரீங்காரமிடும். ஆம்ப்ளிஃபயர் ஓடும்போதே, செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால், தெருவிலிருந்து வரும் எர்த்துக்கும் வீட்டு எர்த்துக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள்; அந்த வயரில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டால் போதும். 'ஆம்ப்ளிஃபயரே பழுதாக இருக்கலாமே?' இருக்கலாம்தான்: உள்ளே வரும் எல்லா வயரையும் பிடுங்கிய பிறகும் இரைந்தால், பவர் சப்ளை கெபாசிட்டரைச் சந்தேகியுங்கள். பிளக்கின் எர்த் பின்னை ஒடித்தால் சரியாகும் என்று சொல்பவருக்கு மட்டும் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். சத்தம் போகலாம், ஷாக்கடித்தால் கேட்பவரும் போய்விடுவார்.