வராதவர் ஏ எடுத்தல்: ஓர் இஃப் ஆய்வு

மட்டக்களப்பு வாவியை ஆராய வந்தவர்கள் எல்லாரும் பாடுமீனின் பின்னால் போய்விட்டார்கள். 1924இல் திறந்த கல்லடிப் பாலத்தில் நிலாக் காலத்தில் காதைக் கொடுத்து நின்றவர்களுக்குக் கணக்கில்லை. அதே பாலத்தால் தினமும் போய்வரும் ஆசிரியர், தவணைப் பரீட்சைப் புள்ளிகளை எக்செல்லில் ஏற்றும்போது எழுப்பும் ஒலிக்கு மட்டும் ஆய்வாளர் கிடைக்கவில்லை.

ஆய்வுப் பொருள் எளியது. 75 முதல் ஏ, 65 முதல் பி, 50 முதல் சி, 35 முதல் எஸ், மிச்சம் டபிள்யூ எனச் சாதாரண தர முறையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய இஃப் சூத்திரம். (2003 பதிப்புவரை இப்படி ஏழு அடுக்குத்தான் போகலாம். 2007இல் 64 ஆக்கினார்கள். அது உதவியா உபத்திரவமா என்பது தனி ஆய்வு.) அவதானித்த தோற்றப்பாடு: 28 எடுத்த பிள்ளைக்கு ஏ. ‘வரவில்லை’ என்று பதிந்த பிள்ளைக்கும் ஏ. வராததால் செல்லை வெறுமையாக விட்ட பிள்ளைக்கு மட்டும் டபிள்யூ.

இதுபற்றி மூன்று சிந்தனைப் பள்ளிகள் உண்டு. முதலாவது, கணினியை நிறுத்திப் போடும் பள்ளி. அடுத்தது, அழித்துவிட்டுத் திரும்ப அடிக்கும் பள்ளி. செல்லின் வடிவம் ‘டெக்ஸ்ட்’ என்றே கிடப்பதால் இவர்கள் எத்தனை தரம் அடித்தாலும் 28 எழுத்தாகவே விழும். மூன்றாவது, “விடுங்க டீச்சர், மறுகா கையால போடுவம்” பள்ளி. இதன் முடிவுகள் இதுவரை பிழைத்ததில்லை என்பதை நேர்மையான ஆய்வாளன் ஒத்துக்கொள்ளவே வேண்டும்.

உண்மைக் காரணம் எக்செல்லின் சாதியமைப்பு. அங்கே எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியது. ஆகவே ‘வரவில்லை’ 75ஐத் தாண்டும். எழுத்தாய்ப் போன 28உம் தாண்டும். வெறுமை பூச்சியம். சூத்திரத்தில் 75ஐ மேற்கோள் குறிக்குள் போட்டாலோ கதை தலைகீழ்: நூறு எடுத்தவருக்கும் ஏ கிடைக்காது.

கண்டுபிடிக்க வாவியின் புவியியல் போதும். நாம் கை வைக்காதவரை எண்கள் செல்லின் வலப்பக்கம், கிழக்கே எழுவான்கரையில் நிற்கும். எழுத்து இடப்பக்கம், மேற்கே படுவான்கரையில் ஒதுங்கும். (பிரதேசவாதம் ஏதுமில்லை, வரைபடம் அப்படி.) மேற்கே நிற்கும் 28ஐக் கிழக்கே கொண்டுவர, அந்த நிரலைத் தெரிந்து, டேட்டா பகுதியில் ‘டெக்ஸ்ட் டு கொலம்ஸ்’ அழுத்தி, நேரே ‘ஃபினிஷ்’ கொடுத்தால் போதும். ‘வரவில்லை’ அப்படியும் வராது. அதற்குச் சூத்திரத்தின் வாசலில், எண்தானா என்று பார்க்கும் இஸ்நம்பரைக் காவல் வைக்க வேண்டும்.

எக்செல் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று காத்திருப்போருக்கு ஒரு தகவல். மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுக்களை அது திகதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020இல் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரைத்தான் மாற்றியது.

திருத்திய பட்டியலுக்கு எதிர்ப்பு ஓர் இடத்திலிருந்துதான் வரும். வராத பிள்ளையின் தகப்பன் கேட்பார்: “ஏ நல்லாத்தானே இருந்திச்சு சேர், அதுல ஏன் கை வெச்சீங்க?”