மேற்குச் சென்னையிலிருந்து மாநாட்டுக்குச் செல்லும் மாணவியும் அவர்தம் தோளிற் கிடக்கும் குழாயும்: ஓர் ஆய்வு

ஆய்வுக் கட்டுரையைப் பெயர்க்காரணத்தில் தொடங்குவது மரபு. ஆவடிக்கு ராணுவத்தைக் காட்டுவோரும் அம்பத்தூருக்கு ஐம்பத்தொன்று என்ற எண்ணைக் காட்டுவோரும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அவர்கள் முடித்த பிறகுதான் நாம் தொடங்குவது என்றால் கடைசி ரயில் போய்விடும். ஆகவே மரபை மீறுகிறோம்.

ஆய்வு எல்லை: மேற்கே பட்டாபிராம், கிழக்கே கொரட்டூர், தெற்கே பூந்தமல்லி. வடக்கு எல்லை மழைக்காலத்தில் இடம் மாறும்.

ஆய்வுப்பொருள்: ஏரித் தண்ணீரைப் பரிசோதித்து எழுதிய எம்.எஸ்ஸி. மாணவி ஒருவர், அதை அறிவியல் மாநாட்டில் சமர்ப்பிக்கச் சென்று மீளும் பயணம்.

கருதுகோள்: மாநாட்டுக்குப் போவது கட்டுரை வாசிக்க அன்று, சான்றிதழ் வாங்கவே. இது எல்லோருக்கும் தெரிந்ததால் நிறுவத் தேவையில்லை. நிறுவத் தேவையில்லாததால் இதையே நிறுவப் புகுகிறோம். இம்முறை முனைவர் பட்ட ஆய்வுகளில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருவதே.

இனி முன்னாய்வுகள். மாநாடு என்பது இப்பகுதிக்குப் புதிதன்று. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடே ஆவடியைத் தேடி வந்தது. சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டுவிட்டுக் கலைந்தது. அன்றிலிருந்து ஆவடிக்காரர்கள்தாம் மாநாட்டைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வித்திட்ட இருவரில் ஒருவரான சைமன்சன், நம் மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். 1914 ஜனவரியில் கல்கத்தாவில் கூடிய முதல் மாநாட்டுக்கு வந்தவர்கள் 105 பேர், படிக்கப்பட்ட கட்டுரைகள் 35. அதாவது ஒரு கட்டுரைக்கு மூன்று பேர் வீதம் கேட்க ஆளிருந்தது. இன்று இவ்விகிதம் தலைகீழாகியிருப்பதை அறிவியலின் வளர்ச்சி என்று கொள்வாரும் உளர்.

மாணவர் பயணத்துக்குத் தலையாய சான்று வானியற்பியலாளர் சந்திரசேகர். 1930 ஜனவரியில் மாநிலக் கல்லூரி மாணவராகவே அலகாபாத் அறிவியல் மாநாட்டுக்குப் போனார். இயற்பியலறிஞர் மேகநாத் சாகாவே பாராட்டினார். அதே ஆண்டு ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறினார். பத்தொன்பது வயது. போகிற வழியிலேயே கணக்குப் போட்டு, வெண்குறு விண்மீனின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டென்று கண்டார். 1935இல் லண்டன் கூட்டத்தில் வானியலறிஞர் எடிங்டன் எழுந்து அதை எள்ளி நகையாடினார். கேள்வி நேரத்தில் மூத்த அறிஞர் எழுந்து நிற்கும் மரபுக்கு மூலநூல் அதுவே. அதற்கு எழுந்த உரைகளும் உரைக்கு உரைகளும் இன்றளவும் எல்லா அமர்வுகளிலும் நிகழ்த்தப்படுகின்றன. நிற்க. அந்தக் கப்பலில் உட்கார இடமிருந்தது என்பதை அறிஞர்கள் கவனிக்கத் தவறினர். காலை எட்டு மணி ஆவடி லோக்கலில் கணக்குப் போட முடியாது. அதில் ஏறும் எடைக்கு உச்சவரம்பு உண்டா என்பதும் இன்னும் கண்டறியப்படவில்லை.

2005இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் மூவர், பொருளற்ற கட்டுரைகளைத் தானாகவே எழுதித் தள்ளும் நிரல் ஒன்றைச் செய்து, அது கக்கியதை ஆர்லாண்டோ மாநாடு ஒன்றுக்கு அனுப்பினர். ஏற்கப்பட்டது. விஷயம் வெளியானதும் ஏற்பு ரத்தானது. மாணவர்களோ இணையத்தில் நன்கொடை திரட்டிப் போய், மாநாடு நடந்த அதே ஓட்டலில் தனி அறை பிடித்துத் தம் அமர்வைத் தாமே நடத்தினர். பொருளற்ற கட்டுரைக்கு நன்கொடை கிடைக்கிறது. பொருளுள்ள கட்டுரைக்கு அப்பாவின் பி.எஃப். கடனைத் தவிர வேறு புரவலர் இல்லை என்பது இரு நாடுகளின் ஒப்பீட்டில் பெறப்படும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2016இல், ஆய்வேட்டைக் கொடுக்குமுன் இரண்டு மாநாட்டிலாவது கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்று முனைவர் பட்ட மாணவர்களுக்கு விதி செய்தது. 2022இல் அந்தக் கட்டாயம் போயிற்று. விதி போனாலும் அதை நம்பி அச்சடித்த மாநாட்டுப் பைகள் இருக்கின்றன அல்லவா? ஆகவே மாநாடுகள் தொடர்கின்றன.

ஆசிரியர் வரிசை பற்றி ஒரே வரி: வேலை செய்தவர் பெயர் இறுதியில் வரும்.

அடுத்தது ஃபிளெக்ஸ். மாநாட்டுக்காரர்கள் போஸ்டருக்குக் கேட்டது ஏ-ஜீரோ அளவு: 841க்கு 1189 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து ஃபிளெக்ஸ் கடையில் இந்த அளவு வழக்கில் இல்லை. "ஏ ஜீரோலாம் கெடையாதும்மா. நாலுக்கு மூணு போட்டுத் தரேன்" என்பதே பாடம். கடைக்காரர் காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி ஆகிய மூன்று துறைகளிலும் ஆழ்ந்த புலமையுடையவர். கரைந்துள்ள ஆக்சிஜன் என்ற நான்காம் துறை அவரிடம் வந்ததும், இருக்கும் வார்ப்புகளில் அண்மையது எது என்று தேர்ந்தார். பொன்னிறத் திரைச்சீலை, இரு மூலையிலும் புறா.

"நடுவுல யார் போட்டோ?"

"போட்டோ இல்லண்ணா, கிராஃப்தான்."

"வழிகாட்டினு போட்டிருக்கே. அவரைத் தலைக்கு மேல வட்டத்துல வெச்சிடலாமா? கீழ இவண்னு போட்டு உங்க பேரு."

சிரித்துக் கடந்துவிடக் கூடாது. எண்பது பக்க ஆய்வேட்டின் நன்றியுரை சொல்ல முயல்வதும் இதைத்தான். கடைக்காரர் ஒரு வட்டத்தில் சொல்லிவிட்டார். (இக்கருத்தை அம்மா மறுக்கிறார், வாத்தியார் படம் இருப்பதே மரியாதை என்பது அவர் துணிபு. காண்க: அம்மா, சமையலறைப் பேருரைகள், குக்கர் மூன்றாம் விசிலுக்குப் பிந்தைய பகுதி.)

இப்போது குழாய். நம் ஆய்வின் மையம் இதுவே. சுருட்டிய ஃபிளெக்ஸைப் பிளாஸ்டிக் குழாயிலிட்டுத் தோளில் தொங்கவிட்ட கணத்திலிருந்து மாணவி மாணவியாக இல்லை. ஊர் கண்டபடி பொருள்கொள்ளும் ஒரு பாடமாகிவிடுகிறார். தெருமுனையில் அது கிரிக்கெட் மட்டை. ஷேர் ஆட்டோவில் "நீட்டிக்காதம்மா, கண்ணாடி போய்டும்". விஜயந்தா டாங்கி பிறந்த ஆவடியில் தோளில் குழாயோடு நடந்தால் காவலர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பதும் இயல்பே. ரயில் நிலையப் படிக்கட்டில் ஒருவர் அதைக் கட்சிக் கொடிக்கம்பம் என்றார், அவர் பக்கத்திலிருந்தவர் எந்தக் கட்சி என்றார், விவாதம் மாணவியை விட்டுவிட்டுத் தனியே நடந்தது. இது மீன்தூண்டில் என்றொரு கொள்கையும் உண்டு. (அம்பத்தூர் தேநீர்க்கடைச் சுவடி, வாழைத்தார் தொங்கும் பக்கம், இரண்டாம் பெஞ்சு, டிகாஷன் கறைப் பிரதி. எதிர்பெஞ்சுப் பிரதியில் 'தூண்டில்' என்பதற்குத் 'துடைப்பம்' என்று பாடபேதம். அது பிற்கால இடைச்செருகல்; அப்பெஞ்சே போன பொங்கலுக்குத்தான் வாங்கப்பட்டது என்று கடைக்காரர் தம் பதிப்புரையில் தெளிவுறுத்துகிறார்.)

குழாயோடு மாணவி ஏறும் ரயில் ஓடுவது 1856இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் போட்ட பாதையில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை. முதல் ரயிலில் ஏறியவர்கள் குழாய் கொண்டுவரவில்லை என்பது உறுதி. அவர்களுக்கு ஃபிளெக்ஸ் இல்லை. இனி நெரிசலைக் கணிப்போம். மும்பை மின்ரயில்களுக்கென்று ரயில்வேயில் ஒரு கணக்கு சொல்வார்கள்: அதிநெரிசலின்போது ஒரு சதுர மீட்டரில் பதினான்கு முதல் பதினாறு பேர் நிற்கிறார்கள். நம் போஸ்டரும் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஆகவே அதை விரித்துப் பிடித்தால் பதினான்கு பேர் கொரட்டூரில் இறங்கிக்கொள்ள வேண்டும். சுருட்டிப் பிடித்தாலோ அந்தப் பதினான்கு பேரும் அதன்மேல் சாய்ந்துகொள்கிறார்கள். விரித்தால் அறிவியலுக்கு நன்மை, சுருட்டினால் சமுதாயத்துக்கு நன்மை. சோஷலிச பாணித் தீர்மானம் எந்தப் பக்கம் என்பது ஆய்வுக்குரியது.

மகளிர் பெட்டியில் குழாய் நுழையவில்லை. கூட்டம் தள்ளிய தள்ளலில் மாணவி வெண்டர் பெட்டியில் போய் விழுந்தார். கூடைகளுக்கு நடுவே நிற்க இடம் கிடைத்தது. கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஏறிட்டுப் பார்த்தார்.

"இன்னா கண்ணு அது, கொழாய்ல?"

"போஸ்டரும்மா."

"ஐயய்யோ. யாரு போய்ட்டாங்க?"

"அதில்லம்மா. ஏரித் தண்ணிய டெஸ்ட் பண்ணி எழுதியிருக்கேன். கொரட்டூர் ஏரி."

"எந்தாண்ட மொண்ட? மதகாண்டயா, கலங்கலாண்டயா?"

மாணவி விழித்தார். மூன்று பாட்டில்களும் ரோட்டோரக் கரையில் ஒரே இடத்தில் நிரம்பியவை, ஆட்டோ காத்திருந்தது.

"மழைக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னாலதான்... நெனைக்கிறேன்."

"மழைத் தண்ணி வந்து ரொம்பினா எல்லா ஏரியும் நல்ல ஏரிதான் கண்ணு. சித்திரையில போய் மொண்டு பாரு. தொழிற்பேட்டைப் பக்கத்துலேந்து வர்ற தண்ணி ஒரு நெறம், இந்தாண்ட ஒரு நெறம்."

மாதிரி எடுக்கும் இடம், பருவம், ஒப்பீட்டுப் புள்ளி: ஆய்வு முறையியலின் மூன்று கேள்விகளும் வில்லிவாக்கம் வருவதற்குள் கேட்கப்பட்டுவிட்டன. கேட்டவருக்குப் பதிவுக் கட்டணம் இல்லை, அடையாள அட்டை இல்லை, மதிய உணவு டோக்கன் இல்லை. மாணவி தொலைபேசியை எடுத்துக் குறித்துக்கொண்டார். எழுதி முடிக்க நேரமும் வாய்த்தது; பேசின் பிரிட்ஜுக்கு முன் ரயில் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கால் மணி என்பர் சிலர், அரை மணி என்பர் சிலர். சங்க நூல்களின் காலத்தைக் கணிப்பதில் நம் பேராசிரியர்களிடையே உள்ள இடைவெளியை நோக்க இது பொருட்படுத்தத் தக்கதன்று. கீரைக்கார அம்மா மட்டும் "தெனமும் நிக்கறதுதான், நேரம் எதுக்குப் பாக்கணும்" என்று மூன்றாம் தரப்பாய் நின்றார். அதுவே ஏற்புடையது.

மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, சுரங்கப்பாதையில் எதிர்ப்பக்கம் போய், பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடித்து, அங்கிருந்து ஒரு பேருந்து. பூந்தமல்லித் தோழி 54ஆம் எண் பேருந்தில் புறப்பட்டுப் போரூர் வரை வந்து, இன்னும் போரூரிலேயே இருப்பதாகக் குறுஞ்செய்தி அனுப்பினார்.

மாநாடு நடந்தது. தொடக்க விழாவில் குத்துவிளக்கு இரண்டாவது தீப்பெட்டிக்கு எரிந்தது. பன்னாட்டு மாநாடு என்பதற்குச் சான்றாக வெளிநாட்டிலிருந்து ஒருவர் திரையில் தோன்றி, தம் ஒலியை அணைத்துவைத்தபடி நெடுநேரம் பேசினார். போஸ்டர் அமர்வு மதிய உணவோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்ததால் பார்வையாளர்கள் கையில் தட்டோடு வந்தார்கள். சிலர் சாம்பார் சாதத்தின் கெட்டித்தன்மை குறித்துப் பயனுள்ள கருத்துகள் தெரிவித்தார்கள். நடுவர் இருவர் வந்தனர். முதலாமவர் கல்லூரிச் சின்னம் ஏன் இடப்பக்கம் இருக்கிறது என்று கேட்டார். இரண்டாமவர் புறாக்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, உயிரியல் பன்மயத்தையும் தொட்டிருப்பது நன்று என்று மதிப்பெண் இட்டார். எடிங்டனாவது எதிர்த்தார்.

சான்றிதழில் வழிகாட்டியின் பெயர் பிழையின்றி இருந்தது.

எஞ்சியது ஃபிளெக்ஸின் பிற்கால வரலாறு. அறிவியல் வரலாற்றாசிரியர்கள் கட்டுரை எத்தனை பேரால் மேற்கோள் காட்டப்பட்டது என்று பார்ப்பார்கள். போஸ்டருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. எத்தனை முறை மடிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். இந்தப் பிரதி முதலில் ஸ்கூட்டருக்கு மழையுறையாயிற்று. பின்பு மொட்டைமாடிக்கு உயர்ந்தது. சித்திரை வெயிலில் அம்மா அதில் ஜவ்வரிசி வடாம் பிழிந்தார். எழுத்துப் பக்கம் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே. மை ஒட்டும் என்ற அவரது முறையியல் எச்சரிக்கை, கட்டுரையில் இருந்த எந்த எச்சரிக்கையையும்விடத் துல்லியமானது. மாணவி அப்போது வீட்டில் இல்லை. மூன்று பாட்டில்களோடு ஏரிக்குப் போயிருந்தார். ஒன்று மதகுக்கு, ஒன்று கலங்கலுக்கு, ஒன்று தொழிற்பேட்டைப் பக்கத்துக்கு.

அந்நேரம் பார்த்து வழிகாட்டியிடமிருந்து அம்மாவுக்குத் தொலைபேசி வந்தது. கல்லூரிக்குத் தரம் மதிப்பிடும் நாக் குழு வருகிறது, துறையின் சாதனைகளை வராந்தாவில் மாட்ட வேண்டும், மாநாட்டில் வைத்த போஸ்டர் உடனே தேவை.

"குடுத்துடறேன் சார்," என்றார் அம்மா. "நாளைக்கு ஒரு வெயில் காயணும். ஓரமெல்லாம் இன்னும் ஈரமா இருக்கு."